மொழி வகுப்பில் பண்பாட்டின் இடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. வேற்று மொழி ஒன்றைக் கற்பிக்கும்போது அதைப் பேசுவோரின் பழக்கவழக்கங்களையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு, எந்த முறையில் என்பதே அந்தப் பொருள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் செவிலியர் பட்டம் பெற்றவள். ஜெர்மனியில் பணிக்குச் செல்வதற்காக ஜெர்மன் மொழியில் இடைநிலையான பி1 நிலையை முடித்து, இப்போது அதற்கு அடுத்த நிலையான பி2 படித்து வருகிறேன். எங்கள் ஆசிரியர் வாரத்தில் ஒரு வகுப்பை ‘அங்கே எப்படிப் பேச வேண்டும், எதை எதிர்பார்ப்பார்கள்’ என்பதற்கே செலவிடுகிறார். தேர்வு நெருங்கும் நேரத்தில் இலக்கணத்தை விட்டுவிட்டு இதற்கு இவ்வளவு நேரம் தேவையா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறுவதற்குப் பெரும்பாலும் பி2 சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்காகக் கடன் வாங்கிப் படிப்பவர்களையும், வேலையை விட்டுவிட்டுப் படிப்பவர்களையும் நான் அறிவேன். ஆனாலும் உங்கள் ஆசிரியர் செய்வது சரி என்றே சொல்வேன்.

எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் படுக்கையருகே நீங்கள் காலையில் போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாகர்கோவில் மருத்துவமனையானால், ‘பாட்டி, எந்திரிச்சாச்சா? சாப்பிட்டீங்களா?’ என்று தொடங்குவீர்கள். அதில் மரியாதையும் உண்டு, பாசமும் உண்டு; அந்தப் பாட்டியின் முகமும் மலரும். அதே பாசத்தோடு ஜெர்மனியில் ஒரு மூதாட்டியை ‘ஓமா’ (பாட்டி) என்று நீங்கள் அழைத்தால் அவர் மனம் புண்படக்கூடும். அவருடைய மகளோ மகனோ பொறுப்பாளரிடம் முறையிடவும் கூடும். அங்கே நோயாளி என்பவர் ‘ஃப்ராவ்’ (திருமதி) அல்லது ‘ஹெர்’ (திரு) என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து, ‘ஸீ’ என்ற மரியாதைச் சொல்லால் அழைக்கப்பட வேண்டியவர். தன் உடலைத் தானே கழுவிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, தான் இன்னும் முழு மனிதராகவே மதிக்கப்படுகிறோம் என்பதை அந்த அழைப்புத்தான் உறுதிப்படுத்துகிறது. அவர் கேட்காமலே உறவுப்பெயர் சூட்டுவது, அவரைக் குழந்தையாக நடத்துவதாகப் படுகிறது. நம் ஊரிலோ பெரியவரைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் மரியாதைக் குறைவு. இரண்டு ஊரிலும் செவிலியரின் நோக்கம் ஒன்றுதான். அந்த நோக்கம் போய்ச் சேரும் வழிதான் வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணிமுறை (ஷிப்ட்) மாறும்போது, முந்தைய குழுவினர் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அடுத்த குழுவினரிடம் சொல்லி ஒப்படைக்கும் சிறு கூட்டம் நடக்கும். வேகமாகப் பேசுவார்கள், வட்டார வழக்கும் சுருக்கச் சொற்களும் கலந்திருக்கும். இறுதியில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால், நம்மில் பலர் முழுவதும் புரியாவிட்டாலும் ‘ஆம்’ என்று சொல்லித் தலையசைத்துவிடுவோம். மூத்தவரை மறுபடி சொல்ல வைப்பது அவருக்குத் தொல்லை என்றும், நமக்குக் குறை என்றும் நாம் பள்ளியிலிருந்தே பழகியிருக்கிறோம். அங்கே அந்த ‘ஆம்’ ஒரு பொறுப்பேற்பு. புரியாமல் ஆம் என்றவர் மருந்தளவைத் தவறவிட்டால், அவருடைய நேர்மையையே ஐயுறுவார்கள். ‘மன்னிக்கவும், இந்த இடம் எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்பவரையோ கவனமுள்ளவர் என்று மதிப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லத் தேவைப்படும் இலக்கணம் உங்களுக்கு பி1க்கு முந்தைய ஏ2 நிலையிலேயே வந்துவிட்டது. அதைப் பலர் முன்னிலையில் சொல்வதற்கான துணிவை உங்கள் ஆசிரியர் அந்த வாராந்தர வகுப்பில் பழக்குகிறார் என்றே நினைக்கிறேன்.

மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாக விளக்கினார். வேற்றுமொழிக்காரர் இலக்கணப் பிழை செய்தால் ‘இவருக்கு மொழி இன்னும் கைவரவில்லை’ என்று கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். இலக்கணம் சுத்தமாக இருந்து, பேசும் முறை பிசகினால், அதை மொழிக்குறை என்று அவர் நினைப்பதில்லை. ‘இவர் முரட்டுத்தனமானவர்’, ‘இவர் நம்பத்தகாதவர்’ என்று ஆளையே எடைபோட்டுவிடுகிறார். ஆகவே உங்கள் இலக்கணம் வளர வளர, பேசும் முறையில் நேரும் பிசகுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலையும் கூடுகிறது. பி2 நிலையில் இந்த வகுப்பு கூடுதலாகத் தேவைப்படுவதற்கு இதுவே காரணம்.

தேர்வைப் பற்றிய அச்சம் இருந்தால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோய்த்தே நிறுவனத்தின் பி1 எழுத்துத் தேர்வில் நண்பருக்கு ஒரு மடலும், மரியாதையாக எழுத வேண்டியவருக்கு ஒரு மடலும் எழுதியிருப்பீர்கள். யாருக்கு எந்த நடையில் எழுதுவது என்பதும் அங்கே மதிப்பெண்ணுக்கு உரியது. பி2 தேர்விலும் அலுவல் முறையான செய்தி ஒன்றை எழுத வேண்டியிருக்கும். உங்கள் ஆசிரியரின் வகுப்பு தேர்வுக்கு வெளியே இல்லை.

கேள்வி: எங்கள் பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ‘நாடும் பண்பாடும்’ என்று ஒரு வண்ணப் பக்கம் வருகிறது. திருவிழாக்கள், உணவு வகைகள், கோட்டைகள். அதைப் படித்தாலே போதாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: போதாது. அந்தப் பக்கங்கள் மோசமானவை அல்ல, ஆர்வத்தைத் தூண்டும். ஆனால் மியூனிக் நகரின் அக்டோபர் விழாவைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவருக்கு, உடன் பணிபுரிபவரின் பிறந்தநாளுக்கு முந்தின நாளே வாழ்த்துச் சொல்லக் கூடாது என்பது தெரியாமலிருக்கலாம். முன்கூட்டி வாழ்த்துவது கெடுதல் என்று ஜெர்மனியில் பலர் இன்றும் எண்ணுகிறார்கள். விழா ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதைக் காணாமலே ஆண்டு முழுவதும் வாழ்ந்துவிடலாம். வணங்குவது, மறுப்பது, நன்றி சொல்வது, குறை சொல்வது, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புவது ஆகியவற்றை ஒரு நாள்கூடத் தவிர்க்க முடியாது. வண்ணப் பக்கத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள்.

கேள்வி: ‘ஜெர்மானியர் நேரம் தவறாதவர்கள், ஜப்பானியர் பணிவானவர்கள், இந்தியர் குடும்பத்தைச் சார்ந்தவர்கள்’ என்றெல்லாம் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே அச்சில் வார்ப்பது தவறில்லையா? பண்பாட்டைக் கற்பிக்கிறோம் என்ற பெயரில் முன்முடிவுகளைத்தானே விதைக்கிறோம்?
— கல்லூரி மாணவி, சென்னை

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இதுதான். உங்கள் ஐயத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

இத்தகைய வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர், 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐ.பி.எம். நிறுவனத்தின் பல நாட்டுக் கிளை ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களைத் திரட்டி, நாடுகளுக்கு எண்களால் மதிப்பீடு கொடுத்து 1980இல் வெளியிட்டார். பெரிய உழைப்புத்தான். ஆனால் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களின் விடையைக் கொண்டு, உழவரும் மீனவரும் கைத்தறியாளரும் வாழும் ஒரு நாடு முழுவதற்கும் ஒற்றை எண் தருவது எப்படிப் பொருந்தும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றும் வலு இருக்கிறது. அதேபோல ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1966இல், ஆங்கிலேயரின் எழுத்து நேர்க்கோட்டில் செல்கிறது, கிழக்கத்தியரின் எழுத்து சுழன்று சுழன்று செல்கிறது என்று கோட்டோவியங்களே வரைந்து காட்டினார். ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் பலர் அந்தப் படங்களை வகுப்பில் பயன்படுத்தினார்கள். தம் மொழியை அளவுகோலாக வைத்துப் பிறரை அளக்கும் பார்வை இது என்ற கண்டனம் எழுந்தபின், அவரே தம் கருத்தைப் பெரிதும் தளர்த்திக்கொண்டார்.

ஜெர்மனியையே எடுத்துக்கொண்டால், தெற்கே பவேரியாவில் ‘க்ரூஸ் காட்’ என்று வணங்குவார்கள். வடக்கே ஹாம்பர்கில் நாள் முழுவதும் ‘மொயின்’தான். இளைஞர்கள் நடத்தும் நிறுவனங்களில் முதல் நாளிலேயே எல்லோரும் ‘டூ’ என்று ஒருமையில் பேசிக்கொள்வார்கள். அரசு அலுவலகத்திலோ ஆண்டுக்கணக்கில் பக்கத்து மேசைக்காரரையும் ‘ஸீ’ என்று பேசுபவர்கள் உண்டு. இப்படியிருக்க ‘ஜெர்மானியர் இப்படி’ என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்து போனவர் முதல் வாரத்திலேயே குழம்பிப்போவார்.

அதற்காகப் பண்பாட்டைப் பேசாமலே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பேசாமல் விட்டால் மாணவர் வெறுங்கையோடு போவதில்லை, தம் ஊர் வழக்கத்தையே உலக வழக்கமாக எண்ணிக்கொண்டு போகிறார். மக்களின் குணத்தைப் பற்றிய வாக்கியங்களை விட்டுவிட்டு, சூழலைப் பற்றிய வாக்கியங்களுக்கு வகுப்பு மாற வேண்டும். ‘இவர்கள் நேரடியாகப் பேசுபவர்கள்’ என்பதற்குப் பதில், ‘இந்த அலுவலகக் கூட்டத்தில் ஒருவர் மற்றவரின் திட்டத்தை மறுக்கும்போது என்ன சொன்னார், மறுக்கப்பட்டவர் எப்படி எடுத்துக்கொண்டார், இதே கூட்டம் நம் ஊரில் நடந்திருந்தால் அந்த மறுப்பு எங்கே, யார் மூலம், எப்போது சொல்லப்பட்டிருக்கும்’ என்று கேட்கலாம். கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது. மதுரையில் வளர்ந்தவரும் சென்னையில் வளர்ந்தவரும் அதற்கு வெவ்வேறு விடை சொல்லும்போது, நம்மையே ஒரு வாக்கியத்தில் அடக்க முடியாது என்பது மாணவர்களுக்குத் தானாகப் புலப்படும். அதன்பின் பிறரை அப்படி அடக்க அவர்களுக்கு மனம் வராது.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் நடுநிலையான என்3 தேர்ச்சி பெற்றுள்ளேன். வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் பேசும்போது எங்கள் மேலாளரின் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துத்தான் குறிப்பிட்டேன். பக்கத்தில் இருந்த ஜப்பானியச் சக ஊழியர் முகம் சுளித்தார். தமிழைப் போலவே அதுவும் மரியாதை நிறைந்த மொழி என்கிறார்களே, எங்கே பிசகியது?
— வாசகர், காஞ்சிபுரம்

பதில்: தமிழருக்கு ஜப்பானிய மொழி எளிது என்று சொல்வதில் பாதி உண்மை உண்டு. வினை இறுதியில் வருவதும், வேற்றுமை உருபைப் போன்ற ஒட்டுகள் பெயருக்குப் பின் வருவதும் நமக்கு உடனே பிடிபடுகின்றன. மரியாதை வடிவங்களும் புதியவை அல்ல. நீங்கள் தடுக்கியது, இரண்டு மொழிகளிலும் மரியாதை இருக்கிறது, ஆனால் அது இயங்கும் விதி வேறு என்ற இடத்தில்.

தமிழில் மேலாளர் எப்போதும் ‘அவர்’தான். அவரிடம் பேசினாலும், நண்பரிடம் பேசினாலும், வாடிக்கையாளரிடம் பேசினாலும் ‘மேனேஜர் சார் வெளியே போயிருக்கார்’ என்றுதான் சொல்வோம். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே நமக்குக் கணக்கு. ஜப்பானியத்தில், யாரிடம் பேசுகிறோம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்கிறது. வெளியாளிடம் பேசும்போது உங்கள் நிறுவனம் முழுவதும் ‘உள்’ளாகிவிடுகிறது, மேலாளரும் உங்களோடு அந்த உள்வட்டத்துக்குள் வந்துவிடுகிறார். தம்மவரை வெளியாள் முன்னிலையில் உயர்த்திப் பேசுவது, வாடிக்கையாளரைத் தாழ்த்துவதாகக் கேட்கும். ஆகவே அந்த இடத்தில் ‘சான்’ இல்லாமல் குடும்பப் பெயரை மட்டும் சொல்லி, வினையையும் பணிவு வடிவத்தில் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குள் திரும்பியதும் அதே மேலாளர் மறுபடி ‘சான்’ ஆகிவிடுவார், அல்லது பதவிப் பெயரால் அழைக்கப்படுவார். தந்தையைக் குறிக்கவும் அங்கே வீட்டுக்குள் அழைக்க ஒரு சொல், பிறரிடம் தன் தந்தையைப் பற்றிச் சொல்ல மற்றொரு சொல் உண்டு.

தமிழர்களுக்கு இது நெஞ்சை உறுத்தும் என்பதை அறிவேன். பெரியவரை மொட்டையாகப் பெயர் சொல்ல நமக்கு நா எழாது. அந்தத் தயக்கத்தை வகுப்பில் பேசி, அது எங்கிருந்து வருகிறது என்று காட்டிய பிறகே பயிற்சி கொடுக்க வேண்டும். விதியை மட்டும் கரும்பலகையில் எழுதினால் மாணவர் தேர்வில் சரியாக எழுதிவிட்டு, தொலைபேசியில் பழையபடியே பேசுவார். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 2010 முதல் என்1 தொடங்கி என்5 வரை ஐந்து நிலைகளாக நடக்கிறது. அதில் பேச்சுத் தேர்வே கிடையாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் என்2, என்1 எழுதி வென்றாலும் தொலைபேசிப் பேச்சைத் தனியாகத்தான் பழக வேண்டும். முகம் சுளித்த அந்தச் சக ஊழியரிடமே, ‘வாடிக்கையாளர் அழைப்பை நான் நடித்துக் காட்டுகிறேன், திருத்துங்கள்’ என்று கேளுங்கள். நிச்சயம் உதவுவார்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘ப்ளீஸ்’, ‘தேங்க் யூ’, ‘சாரி’ என்று சொல்லாத மாணவர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று பயிற்சி முகாமில் ஒருவர் பேசினார். என் மாணவர்கள் மரியாதை தெரியாதவர்கள் அல்லர். இதற்கு என்ன பதில் சொல்வது?
— ஆசிரியர், தருமபுரி

பதில்: உங்கள் மாணவர்களுக்காக நீங்கள் கொண்ட வருத்தம் எனக்கும் உண்டு. அந்தப் பேச்சாளருக்கு ஒரு செய்தியைச் சொல்லுங்கள். உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் மரியாதைப் பேச்சைப் பற்றிப் படிக்கும் எவரும் பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் வெளியிட்ட கோட்பாட்டைப் படிக்காமல் இருக்க முடியாது. அந்தக் கோட்பாடு மூன்று மொழிகளின் பேச்சைச் சான்றாகக் கொண்டு எழுந்தது: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டால், நம் தமிழ். தமிழ்ச் சான்றுகளைக் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டினார். மரியாதை என்றால் என்ன என்று உலகுக்கு விளக்கியதில் கொங்குநாட்டுக் கிராமத்தாரின் பேச்சுக்கும் பங்குண்டு. இதை உங்கள் மாணவர்களிடமும் சொல்லுங்கள்.

தமிழில் வேண்டுகோளின் பணிவு வினையின் இறுதியில், ‘கொஞ்சம்’ என்ற சொல்லில், ‘-ங்க’ என்ற ஒலியில், குரலின் தணிவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இறுதி ஒலிக்கு இடமில்லை. ஆகவே ‘கொஞ்சம் அந்தப் புத்தகத்தை எடுங்க’ என்று எண்ணிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லும் மாணவன், தன்னை அறியாமலே வெறும் ஏவலாகச் சொல்லிவிடுகிறான். அவன் வைத்த மரியாதை வழியில் உதிர்ந்துவிடுகிறது. அதை ஈடுசெய்யத்தான் ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ என்பதும், ‘எடுக்க முடியுமா’ என்று கேள்வியாகக் கேட்பதும் தேவைப்படுகின்றன. இப்படி விளக்கினால் மாணவர்களுக்குத் தங்களிடம் குறை இருப்பதாகத் தோன்றாது. தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லும் வழியைக் கற்கிறோம் என்று தோன்றும். வீட்டில் தாய் சோறு பரிமாறும்போது யாரும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் அவர் அந்நியப்படுத்தப்பட்டதாக உணர்வார் என்பதையும் அவர்களே எடுத்துச் சொல்லட்டும். நாகரிகத்தில் யார் மேல், யார் கீழ் என்ற பேச்சை உங்கள் வகுப்பறைக்குள் நுழையவிடாதீர்கள்.

கேள்வி: அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து தமிழ் கற்றவர்கள் நம் பண்பாட்டையும் சேர்த்துக் கற்றார்களா, அல்லது மொழியை மட்டுமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாடுதுறை

பதில்: உங்கள் ஊருக்கு அருகிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நூல்களைப் புரட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. வயது முதிர்ந்த திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் திரட்டி 1708இல் அவற்றுக்கு விளக்கப் பட்டியலே எழுதினார். 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சாகி வெளிவந்தது.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. 1712 முதல் 1714 வரையான காலத்தில் அவரும் அவருடைய தோழரும் தமிழர்களிடம் எழுத்து மூலம் கேள்விகள் கேட்டு விடைகள் பெற்றார்கள். சமயம், திருமணம், கல்வி, மருத்துவம், அன்றாட வழக்கங்கள் எனப் பலவற்றைப் பற்றித் தமிழர்கள் தங்கள் மொழியில் எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. ஐரோப்பியரின் நடத்தையில் தாங்கள் கண்ட குறைகளையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். ஒரு மக்களின் வழக்கத்தை அறிய அம்மக்களையே கேட்க வேண்டும் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார்.

அவருடைய நோக்கம் மதம் பரப்புவது என்பதை மறைக்கத் தேவையில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலை ஹாலேயில் இருந்த மதப்பணித் தலைமை வெளியிட மறுத்தது. பிற சமயத்தை அங்கே அகற்றத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர்கள் கருத்து. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. கற்கப் போனவர் தாம் கற்றதன் மீது மதிப்புக் கொண்டுவிட்டார், அனுப்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன். பின்னர் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் முயற்சியால் தொடங்கப்பட்டபோது, கிழக்கிந்தியக் கும்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர்கள் நம் புலவர்களே. அங்கே மொழியறிவு ஆட்சிக்காகத் தேவைப்பட்டது. பண்பாட்டறிவு நல்லெண்ணத்தைத் தானாகவே கொண்டுவரும் என்று எண்ணுபவர்கள் இந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறேன். பெரும்பாலானோரின் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், சிலர் தமிழ்நாட்டவர். பிள்ளைகள் என்னையும் ‘நீ’ என்கிறார்கள். திருத்தினால் ‘ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தானே’ என்று கேட்கிறார்கள். தைமாதத்தில் நடனமும் பொங்கலும் வைத்துப் பண்பாடு கற்பித்துவிட்டோம் என்று நிறைவடைய என்னால் முடியவில்லை.
— ஆசிரியை, ரொறன்ரோ

பதில்: ஒன்ராறியோ மாகாணம் 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அந்த ஏற்பு எளிதாகக் கிடைத்ததல்ல. பிள்ளைகள் மேடையேறி ஆடும்போது பெற்றோரின் கண்கள் கலங்குவதற்குக் காரணங்கள் உண்டு. நடனத்தைக் குறைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் நிறைவின்மை சரியான இடத்தைச் சுட்டுகிறது.

‘நீ’ என்று சொல்லும் பிள்ளையிடம் மரியாதை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பள்ளியில் ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேசுவதும், ஐயம் எழுந்தவுடன் கையுயர்த்திக் கேட்பதும், பேசுபவர் முடிக்கும்வரை காத்திருப்பதும் மரியாதை என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. அதை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது சொல்லின் வழியே வைக்கும் மரியாதை. அதை விதியாகக் கட்டளையிட்டால் உங்கள் முன்னிலையில் மட்டும் பின்பற்றுவார்கள். ஆகவே அவர்களையே ஆய்வாளர்களாக ஆக்குங்கள்.

ஒரு வாரம் வீட்டில் யார் யாரிடம் ‘நீ’ என்கிறார், யார் ‘நீர்’ என்கிறார், யார் ‘நீங்கள்’ என்கிறார் என்று குறித்துவரச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்த மூன்று படிகளும் கிடைக்கும். இடைப்பட்ட ‘நீர்’ தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. ஆகவே இரண்டு வகைப் பிள்ளைகளின் தாள்களும் ஒன்றுபோல் இரா. ஒரு பிள்ளை ‘அம்மம்மா’, ‘அப்பம்மா’ என்று எழுதியிருக்கும்; மற்றொரு பிள்ளை இருவரையும் ‘பாட்டி’ என்றே எழுதியிருக்கும். அப்பா தன் அண்ணனிடம் தொலைபேசியில் பேசும்போது ஒரு சொல், கோபம் வந்தால் ஒரு சொல், புதியவரிடம் ஒரு சொல் என்று மாறுவதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிகக் கூர்மையாகக் கவனிக்கும். தாள்களைச் சுவரில் ஒட்டி, ‘அம்மா அப்பாவை நீங்கள் என்கிறார், அப்பா அம்மாவை நீர் என்கிறார், ஏன்?’ என்ற கேள்வி எழும்போது அதை அடக்காதீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. கனடாவில் வளரும் பெண்பிள்ளை ஒருத்தி அதைக் கேட்காமல் இருந்தால்தான் வியப்பு. தமிழில் சொற்கள் உறவையும் வயதையும் அதிகாரத்தையும் சுமக்கின்றன என்பதை அங்கேதான் அவர்கள் உணர்வார்கள். எதை ஏற்பது, எதைத் தம் தலைமுறையில் மாற்றிக்கொள்வது என்று அவர்களே பேசட்டும். தமிழ்நாட்டு வழக்கு சரி, ஈழத்து வழக்கு பிழை என்றோ அதன் மறுதலையாகவோ தீர்ப்புச் சொல்வதை மட்டும் நீங்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். தன் அம்மம்மாவின் பேச்சு பிழை என்று கேட்ட பிள்ளை தமிழை விட்டே விலகும்.

‘நீங்கள்’ என்று உங்களை அழைக்கக் கற்றுக்கொடுக்க இன்னொரு வழியும் உண்டு. மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஊரில் பள்ளிக்குப் போன கதையை அவரிடம் பிள்ளைகள் கேட்டுப் பதிவு செய்யட்டும். கேள்விகளை முன்கூட்டி எழுதித் திருத்திக்கொண்டு போவார்கள். மரியாதைப் பன்மைக்கு உண்மையான ஓர் ஆள் எதிரில் இருக்கும்போது, அதைச் சொல்வதற்குக் காரணம் தேட வேண்டியிராது.

கேள்வி: பண்பாட்டு அறிவுக்கு மதிப்பெண் வழங்க வேண்டுமா?
— ஆசிரியர், திருச்சி

பதில்: ஏ1 முதல் சி2 வரையான நிலைகளை வகுத்த ஐரோப்பிய மொழித்திறன் வரையறை 2001இல் வந்தபோதே, இடத்துக்கேற்பப் பேசும் திறனை நிலை வாரியாக விவரித்தது. 2020இல் வந்த அதன் துணைத்தொகுதி, பல பண்பாடுகளுக்கிடையே பேசிப் புரிய வைக்கும் திறனுக்கும் தனி அளவீடுகளைச் சேர்த்தது. ஆகவே அளக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு மாணவர் வேற்றுப் பண்பாட்டை விரும்புகிறாரா, வியக்கிறாரா என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். அப்படிச் செய்தால் ஆசிரியருக்குப் பிடித்ததை எழுதக் கற்றுக்கொள்வார்கள். மாறாக, ஒரே செய்தியை, உதாரணமாக நாளை வேலைக்கு வர இயலாது என்பதை, தோழிக்கும் மேலாளருக்கும் நோயாளியின் மகனுக்கும் தனித்தனியே எழுதச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஏன் அப்படி எழுதினார் என்று தமிழிலேயே இரண்டு வரி விளக்கம் கேளுங்கள். முதல் பகுதிக்கு மொழி மதிப்பெண். விளக்கத்துக்குத் தனி மதிப்பெண். தமிழில் விளக்கம் எழுத அனுமதிப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆனால் ஏ2 நிலை மாணவர் தாம் நினைத்ததை ஜெர்மனிலோ ஜப்பானியத்திலோ விளக்க முடியாது என்பதால், இந்த ஓர் இடத்தில் தாய்மொழியைத் தடுப்பது அவருடைய சிந்தனையையே தடுப்பதாகும்.